பொம்மை இரயிலும் அண்டை வீட்டு உறக்கமும்



சென்ற இதழில், விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் முன்பதிவில் கவனிக்க வேண்டியவற்றைக் கூறியிருந்தோம். இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருளும் இரயிலைப் பற்றியதே. ஆனால் இந்த இரயிலில் எவரும் ஏறிச் செல்ல இயலாது. இதன் இஞ்சின் ஒரு சாண் நீளமே உள்ளது. எனினும், அது எழுப்பிய ஓசையால் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்று குடியிருந்த வீட்டை இழக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஆதலின் இதனை விளையாட்டுச் செய்தி என்று அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டா.

பூவாருக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, நடுச்சுவர் ஒன்றை இருவர் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டை வீடுகள் பல உண்டு. அத்தகைய வீடு ஒன்றின் பாதியில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்பின் பொருட்டு வந்த நம் உறுப்பினர் ஒருவர் வசிக்கிறார். மனைவி, ஆறாம் வகுப்பில் படிக்கும் மகன், முதிய தந்தையார் ஆகியோர் உடனிருக்கின்றனர். ஜெர்மனியில் பணிபுரியும் தாய்மாமன், மருமகனுக்கு ஒரு மாதிரி இரயில் தொகுதியை வாங்கி அனுப்பியிருந்தார். தண்டவாளம், நான்கு பெட்டிகள், ஒரு டீசல் இஞ்சின், கையில் பிடித்து இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை அதில் அடக்கம். அந்த இஞ்சின் வெறுமனே ஓடுவதில்லை. மெய்யான இஞ்சினைப் போல உறுமுகிறது. பிரேக் போட்டால் கிரீச்சிடுகிறது. பித்தானை அழுத்தினால் ஊதுகிறது.

அடுத்த பாதியில் இருப்பவர் ஒரு செவிலியர். இரவெல்லாம் மருத்துவமனையில் விழித்திருந்து, பகலில் உறங்குபவர். பையன் பள்ளியிலிருந்து திரும்பும் மாலை நான்கு மணிதான் அவருக்கு நள்ளிரவு. மூன்று வாரம் பொறுத்தார். பின்னர் வீட்டுக்காரரிடம் கூறினார். வீட்டுக்காரர் வந்து, “இன்னொரு முறை புகார் வந்தால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்” என்று சொல்லிப் போய்விட்டார். அன்றிரவே தாயார் இரயிலை எடுத்து டிரங்குப் பெட்டியில் பூட்டிவிட்டார். பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, உறுப்பினர் நம்மிடம் வந்தார். “நீங்கள் இரயிலில் வேலை பார்ப்பவர்தானே, இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்” என்றார். நாமோ இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் எழுத்தர். இஞ்சினைப் பற்றி நமக்குத் தெரிந்தது அதன் எண்ணும் அது வந்துசேரும் நேரமுமே. ஆயினும் மறுக்க மனம் வரவில்லை, சென்றோம்.

அங்கே சென்ற பிறகுதான் முழு விவரமும் புலப்பட்டது. பையன் ஓசையை உச்சத்தில் வைத்தது முரட்டுத்தனத்தால் அன்று. பாட்டனார் திருநெல்வேலி – நாகர்கோவில் பாதையில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 1981இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் நெடுங்காலம் சம்மட்டி பிடித்தவர். இப்போது காது மந்தம். கூடத்தின் மறுகோடியில் கட்டிலில் அமர்ந்து பேரன் விடும் இரயிலைப் பார்ப்பதே அவருடைய மாலைப் பொழுது. “மக்கா, ஊதுதா? எனக்குக் கேக்கலியே” என்று அவர் கேட்பார். பேரன் இன்னும் சற்றுக் கூட்டுவான். மீண்டும் கேட்பார்; மீண்டும் கூட்டுவான். இவ்வாறு ஏறிய ஓசைதான் சுவரைத் தாண்டியது.

தண்டவாளத்தில் வேலை செய்பவனுக்கு ஊதல் ஒலி என்பது வேடிக்கை அன்று. குனிந்து ஜல்லி தட்டிக்கொண்டிருப்பவன் நிமிர்ந்து விலகுவதற்கு அதுவே எச்சரிக்கை. பாதையோரத்தில் ஊதல் பலகையைக் கண்டதும் இஞ்சின் ஓட்டுநர் நீளமாக ஊத வேண்டும் என்பது விதி. அந்த ஒலியைக் கேட்டுக் கேட்டுத்தான் அப்பெரியவர் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறார். அதனை மறுபடி கேட்க அவர் விரும்பியதில் பிழை என்ன? உறங்க விரும்பிய செவிலியரிடத்திலும் பிழை ஏது? இருவருக்கும் நியாயம் உண்டு. நடுவில் இருந்ததோ ஒரு சுவர். இந்நிலையில்தான் நாம் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் எடுத்தோம்.

முதலில் இக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். பழைய விளையாட்டு இரயில்களில் தண்டவாளத்தின் மின்னழுத்தத்தைக் கூட்டினால் இஞ்சின் விரையும், குறைத்தால் நிற்கும். ஒரே பாதையில் இரண்டு இஞ்சின்கள் நின்றால் இரண்டும் ஒருங்கே ஓடும். இக்குறையைத் தீர்க்க ஜெர்மனியில் பெர்ண்ட் லென்ஸ் என்பவரின் நிறுவனம் 1980களின் இறுதியில் ஒரு முறையை உருவாக்கியது. 1935இல் தோன்றிய அமெரிக்க மாதிரி இரயில் சங்கம் 1990களில் அதனையே பொது அளவையாக ஏற்றது. டி.சி.சி. என்று சுருக்கமாக வழங்குவது அதுதான். இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அம்மின்சாரம் இடையறாது திசை மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் கால அளவிலேயே செய்தி பொதிந்திருக்கும். குறுகிய மாற்றம் ஒன்று என்றும், நீண்ட மாற்றம் சுழி என்றும் பொருள்படும். ஒன்றுக்கு 58 மைக்ரோ விநாடி. சுழிக்கு 100 மைக்ரோ விநாடி.

நம் இரயில்வேயில் கட்டுப்பாட்டு அலுவலர் ஒரே கம்பியில் பல நிலையங்களோடு பேசுவதை அன்பர்கள் சிலர் அறிந்திருக்கலாம். எந்த நிலையத்துக்கு உரிய குறியை அனுப்புகிறாரோ, அந்த நிலையத்தில் மட்டும் மணி அடிக்கும். இதுவும் அவ்வாறே. ஒவ்வோர் இஞ்சினுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. அதனுள் இருக்கும் டிகோடர் என்னும் சிறு மின்சுற்று, தன் எண்ணுக்கு வரும் செய்தியை மட்டும் ஏற்று மோட்டாரையும் விளக்கையும் ஓசையையும் இயக்கும்.

டிகோடருக்குள் ஒரு பேரேடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பக்கங்களுக்குச் சி.வி. என்று பெயர். ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். சி.வி. 1இல் முகவரி; 3இல் வேகம் எடுக்கும் நிதானம்; 4இல் நிற்கும் நிதானம்; 8இல் செய்த நிறுவனத்தின் அடையாள எண். இவை எல்லா நிறுவனத்துக்கும் பொது. ஓசையின் அளவு எந்தப் பக்கத்தில் இருக்கும் என்பதோ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். இதனை அறியாததால்தான் நாம் முதலில் இடறினோம்.

மாதிரி இரயில் பழக்கமுள்ள நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டோம். “128ஐக் குறையும்” என்றார் அவர். அவருடைய இஞ்சினுக்கு அது சரியே. நாம் சி.வி. 128இல் 60 என்று எழுதினோம். ஓசை இம்மியும் குறையவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. எந்தப் பக்கத்தில் இருந்த எந்தக் கணக்கை அடித்துத் திருத்தினோம் என்பதே தெரியவில்லை. பழைய எண்ணையும் குறித்து வைக்கவில்லை. அலுவலகத்தில் இப்படிச் செய்திருந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்கும்.

பிறகு நிதானமாக இஞ்சினைத் தனித் தண்டவாளத் துண்டு ஒன்றில் வைத்துச் சி.வி. 8ஐப் படித்தோம். ஓடும் பாதையில் வைத்து எழுதினால் டிகோடர் பெரும்பாலும் பதில் சொல்லாது, கேட்டுக்கொள்வதோடு சரி. அமைப்புக்குரிய தனித் துண்டில் வைத்தால் பதில் சொல்லும். அந்தப் பதில் 6 மில்லி விநாடி நேரம் 60 மில்லி ஆம்பியருக்குக் குறையாத மின்சாரத்தை இழுத்துக்காட்டுவதாகும். மோட்டாரைச் சற்றே அசைத்து இதைச் செய்வதால், படிக்கும்போது இஞ்சின் மெல்லத் துடிப்பதைக் காணலாம். “மாமா, அது தலையாட்டுது” என்றான் பையன். இரண்டு நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதற்சொல் அதுதான் என்று தாயார் பின்னர் கூறினார்.

சி.வி. 8இல் வந்த எண் 151. அது ஈ.எஸ்.யூ. என்னும் ஜெர்மன் நிறுவனத்தின் அடையாளம். 141 என்று வந்தால் சவுண்ட்டிராக்ஸ். 145 என்றால் ஸீமோ. 129 என்றால் டிஜிட்ராக்ஸ். செய்தவர் யார் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஈ.எஸ்.யூ.வின் லோக்சவுண்ட் வகையில் மொத்த ஓசையின் அளவு சி.வி. 63இல் உள்ளது, சுழியிலிருந்து 192 வரை எழுதலாம். சவுண்ட்டிராக்ஸின் சுனாமி வகையில் அது சி.வி. 128, அங்கே 255 வரை செல்லும். ஸீமோவில் சி.வி. 266. டிஜிட்ராக்ஸின் ஓசை டிகோடர்களில் சி.வி. 58, அங்கே அளவு சுழியிலிருந்து 15 வரையே. ஒருவருக்கு 15 என்பது உச்சம். மற்றொருவருக்கு அதே 15 முணுமுணுப்பு. ஆகையால் பிறர் சொன்ன எண்ணை அப்படியே எழுதுவது, பிறர் மூக்குக் கண்ணாடியை அணிவது போலாகும்.

நாம் தவறாக எழுதியதை அழிக்க வேண்டுமே! சி.வி. 8இல் 8 என்று எழுதினால் இந்த டிகோடர் தன் பழைய நிலைக்குத் திரும்பும் என்று கையேட்டில் கண்டோம், எழுதினோம். இஞ்சினை மீண்டும் பாதையில் வைத்து இயக்கினால், அது அசையவில்லை, ஊதவில்லை. பையனின் முகம் வாடிவிட்டது. நமக்கும் வியர்த்தது. சிறிது நேரம் கழித்தே காரணம் விளங்கிற்று. பையன் அதற்கு 12 என்று முகவரி கொடுத்திருந்தான். பழைய நிலைக்குத் திரும்பியதில் முகவரியும் தொடக்க எண்ணாகிய 3க்குத் திரும்பிவிட்டது. நாம் 12 என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அது 3 என்ற பெயரோடு பேசாமல் நின்றது. மூன்றென்று அழைத்ததும் உறுமிப் புறப்பட்டது. பெயர் மாறிப்போனால் யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்?

இனி ஓசையைக் குறைக்கும் வேலை. சி.வி. 63இல் 180 இருந்தது. பையனிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கி அதைக் குறித்துக்கொண்டோம். 90 என்று எழுதினோம். பாதியாகக் குறைந்துவிடும் என்று எதிர்பார்த்தோம். அவ்வளவு குறைந்ததாகத் தோன்றவில்லை. செவியின் இயல்பு அப்படி. ஓசையை டெசிபெல் என்னும் அளவால் கணிக்கிறார்கள். ஏறக்குறைய 10 டெசிபெல் குறைந்தால்தான் நம் காதுக்கு ஓசை பாதியானதாகத் தோன்றும். அதற்கு ஒலியின் ஆற்றல் பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். எனவே, எண்ணைப் பார்த்து ஓசையை முடிவு செய்யலாகாது. காதால் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அதுவும் எந்த அறையிலிருந்து கேட்பது என்பதே கேள்வி.

இவ்விடத்தில் பையன் அறிவுள்ள ஒரு கேள்வி கேட்டான். “மெய்யான இரயிலில் 87இல் ஒரு பங்கு அளவில் இது செய்யப்பட்டது. ஓசையும் 87இல் ஒரு பங்காக இருந்தால் சரியாகிவிடாதா, மாமா?” என்றான். நல்ல கேள்வி. 87இல் ஒரு பங்கு மாதிரியை 1 மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பவர், மெய்யான இரயிலை 87 மீட்டரில் நின்று பார்ப்பவருக்கு ஒப்பாவார். தூரம் இரட்டித்தால் ஓசை 6 டெசிபெல் குறையும் என்பது திறந்த வெளிக் கணக்கு. அமெரிக்க நாட்டு விதிப்படி, இஞ்சினுக்கு முன்னால் 100 அடி தூரத்தில் ஊதல் ஒலி 96 டெசிபெலுக்குக் குறையாமலும் 110ஐ மிஞ்சாமலும் இருக்க வேண்டும். அதே ஊதல் 87 மீட்டரில் சுமார் 9 டெசிபெல் குறைந்து, 87 முதல் 101 வரை கேட்கும். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்துள்ள வரம்போ பகலில் 55 டெசிபெல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. எனவே, கணக்குப்படி மெய்யாகவே ஊதினாலும் வீட்டுக்கு ஆகாது. இரயில் சிறுத்துவிட்டது; நம் செவி சிறுக்கவில்லை. ஓசையை மட்டும் மாதிரி அளவுக்கும் கீழே இறக்கியே ஆக வேண்டும்.

இறக்கினோம், 60 என்றும், பிறகு 48 என்றும். வீட்டுக்கதவைச் சாத்திவிட்டு, அடுத்த பாதியின் கதவைத் தட்டினோம். செவிலியர் அன்று விடுமுறையில் இருந்தார். நம்மைக் கண்டதும் புகாருக்குப் பதில் புகார் வந்திருக்கிறதோ என்று முதலில் தயங்கினார். காரியத்தைச் சொன்னோம். “சாரே, பிள்ளையோடு எனக்குக் கோபமில்லை, உறக்கம் கிடைத்தால் போதும்” என்றார். அவருடைய படுக்கை நடுச்சுவரை ஒட்டியே இருந்தது. நாம் அங்கு நின்றோம்; மறுபுறம் பையன் ஊதினான். உறுமல் கேட்கவில்லை. ஆனால் ஊதல் இன்னும் மெல்லக் கேட்டது. அதனோடு, சுவர் வழியே ஒரு கடகட ஒலியும் வந்தது.

ஊதலுக்கு மருந்து எளிது. மொத்த ஓசைக்கு ஒரு பக்கம் இருப்பது போல, ஒவ்வோர் ஓசைக்கும் தனிப்பக்கம் உண்டு. சுனாமி வகையில் 129 ஊதலுக்கு, 130 மணிக்கு, 131 இஞ்சின் உறுமலுக்கு. லோக்சவுண்டில் இது சற்றுச் சுற்றுவழி. அப்பேரேட்டுக்குப் பல பாகங்கள் உண்டு; எந்தப் பாகத்தைத் திறக்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சி.வி. 31இல் 16, சி.வி. 32இல் 1 என்று எழுதினால் உரிய பாகம் திறக்கும். அதன்பின் 259இல் முதல் ஓசை, 267இல் இரண்டாவது, 275இல் மூன்றாவது, இவ்வாறு எட்டெட்டாகச் செல்லும். எந்த வரிசையில் எந்த ஓசை என்பது இஞ்சினுக்கு இஞ்சின் வேறுபடும். உடன் வந்த தாளைப் பார்த்துக்கொள்க. நம் இஞ்சினின் தாளில் ஊதலுக்கு 275 என்று கண்டிருந்தது. அதில் இருந்த 128ஐ 50 ஆக்கினோம். சுவருக்கு அப்பால் ஊதல் அடங்கிற்று.

கடகட ஒலியோ ஒலிபெருக்கியிலிருந்து வந்ததன்று, சக்கரங்களிலிருந்து வந்தது. தண்டவாளத்தை ஒரு பலகையில் ஆணியடித்துப் பொருத்தி, அப்பலகையை நடுச்சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். பலகை மத்தளத்தின் தோலைப் போல அதிர்ந்தது. சுவர் அதனை அடுத்த வீட்டுக்கு எடுத்துச் சென்றது. பாலராமபுரத்தில் கைத்தறிக் கூடம் உள்ள தெருவில் நடந்தவர்கள், தறியின் ஓசை காதைவிடத் தரையின் வழியே காலுக்கு முன்னதாக எட்டுவதை உணர்ந்திருப்பார்கள். அதே கதைதான். பலகையை எதிர்ச்சுவர்ப் பக்கம் மாற்றி, எச்சுவரையும் தொடாமல் ஒரு சாண் தள்ளி வைத்தோம். மேசைக் கால்களுக்கு அடியில் தென்னைநார் விரிப்பை நான்காக மடித்து வைத்தோம். ஆணிகளைக் கழற்றி, தண்டவாளத்துக்கு அடியில் மெல்லிய தக்கைப் பட்டையை ஒட்டினோம். ஆணி, அதிர்வைப் பலகைக்குக் கடத்தும் பாலமாகிவிடும். ஆகவே பசையே நலம். இம்மூன்றும் சேர்ந்து கடகட ஒலியை ஒழித்துவிட்டன. செலவு நூறு ரூபாய்க்கும் குறைவு.

இத்துடன் அண்டை வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பெரியவர்? கட்டிலில் அமர்ந்தபடி, “ஓடுது, சத்தத்தைக் காணோமே” என்றார். பையன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். ஒருவர் உறங்குவதற்காக மற்றொருவரின் மாலைப் பொழுதை எடுத்துக்கொள்வது தீர்வாகுமா?

மேலே கூறிய கணக்கே இங்கும் கைகொடுத்தது. தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். அப்படியானால் தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூட வேண்டும் அல்லவா? கட்டில் பலகைக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. பலகையின் ஓரத்தில், இரண்டரை அடியில், ஒரு நாற்காலி போட்டோம். பத்து ஐந்தாகி, ஐந்து இரண்டரையாகி, இருமுறை பாதியாயிற்று. 12 டெசிபெல் கூடுதல். அறைக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் உண்மையில் சிறிது குறையலாம். எனினும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. டிகோடரில் ஓர் எண்ணையும் மாற்றவில்லை. சுவருக்கு அப்பால் ஓர் அணுவளவும் கூடவில்லை. காதுக்கு ஓசையை அனுப்புவதைவிட, ஓசைக்கு அருகில் காதைக் கொண்டு செல்வது எத்தனை எளிது!

மற்றொன்றும் செய்தோம். முதுமையில் காது மந்தமாகும்போது கீச்சொலிகள் முதலில் மறையும். கனத்த ஒலிகள் பிந்தியே மறையும். பேரிரைச்சலில் உழைத்தவர்களுக்கு விநாடிக்கு 4000 அதிர்வு அளவிலான ஒலிகள் கேட்பது முதலில் குறையத் தொடங்கும். ஆகவே ஊதலைத் தாழ்த்தி வைத்தபடியே, இஞ்சினின் அடித்தொண்டை உறுமலை மட்டும் அதற்குரிய தனிப்பக்கத்தில் சற்றே உயர்த்தினோம். பெரியவரின் உள்ளங்கையைப் பலகையின் விளிம்பில் வைக்கச் சொன்னோம். இரயில் வளைவில் திரும்பி அவர் பக்கம் வந்தபோது அவருடைய முகம் மாறியது. “வருது, தம்பி. கையில தெரியுது. அந்தக் காலத்துல தண்டவாளத்துல கை வச்சுப் பாப்போமே, அதே மாதிரி” என்றார்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு இரயில் ஓடியது. செவிலியர் உறங்கினார். வீட்டுக்காரர் வரவில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. அடுத்த வாரம் செவிலியரே அந்த வீட்டுக்கு வந்தார். பெரியவருக்குக் காது எவ்வளவு மந்தம் என்பதை அன்றுதான் அவர் அறிந்திருக்கிறார். “வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது, காட்டுங்கள்” என்று சொல்லி, அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குத் தாமே உடன் அழைத்துச் சென்றார். மூன்று வாரம் உறக்கம் கெட்டவர் அவர்தான் என்பதை நினைவில் கொள்க. காதில் அழுக்கு அடைத்திருந்ததை முதலில் நீக்கினார்கள். கேட்டல் சோதனை செய்து, செவித்துணைக் கருவிக்கும் எழுதிக் கொடுத்தார்கள். கருவி வந்த அன்று பெரியவர் வழக்கம்போல் நாற்காலியில் அமர்ந்தார். பேரன் இரயிலை ஓட்டி, ஊதலை அழுத்தினான். அவர் திடுக்கிட்டு, “ஏன் மக்கா இந்தச் சத்தம்? கொஞ்சம் குறை, பக்கத்து வீட்டு அம்மா தூங்குவாங்கல்ல?” என்றார். சி.வி. 63 இப்போது 36இல் நிற்கிறது.

இத்தகைய மாதிரி இரயில்கள் வெளிநாட்டு உறவினர் வழியாக நம் வீடுகளுக்கும் வரத் தொடங்கியிருப்பதால், சில குறிப்புகளைத் தொகுத்துக் கூறி முடிக்கிறோம்.

ஒன்று. எதையும் மாற்றுமுன் சி.வி. 8ஐப் படித்து, செய்தவர் யார் என்று அறிக. பழைய எண்ணை நோட்டுப் புத்தகத்தில் நாளிட்டு எழுதிக்கொள்க. பழைய நிலைக்குத் திருப்பினால் முகவரி 3 ஆகிவிடும் என்பதை மறவற்க.

இரண்டு. பல இஞ்சின்கள் இருந்தால் தனித் தண்டவாளத் துண்டில் ஒன்றை மட்டும் வைத்து எழுதுக. அத்துண்டில் எழுதுவது முகவரி பார்ப்பதில்லை. அங்கே நிற்கும் எல்லா இஞ்சின்களும் அதனை ஏற்றுக்கொள்ளும்.

மூன்று. பல இஞ்சின்களை ஒருங்கே ஓட்டுவோர் ஒவ்வொன்றையும் மேலும் தாழ்த்துக. ஒரே அளவுள்ள இரண்டு ஓசைகள் சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும். பத்துச் சேர்ந்தால் 10 கூடும்.

நான்கு. ஒலிபெருக்கி விரல்நுனி அளவே உள்ளது. உச்சத்தில் வைத்தால் அது கரகரக்கும். தாழ்த்தி வைத்தால் ஓசை தெளியும். ஒலிபெருக்கியும் நெடுநாள் உழைக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு.

ஐந்து. ஓட்டாத நேரத்தில் இஞ்சினை உறுமவிட்டு வைக்க வேண்டா. எஃப்8 அல்லது எஃப்1 பித்தான் பெரும்பாலும் ஓசையை அடக்கும். அதனினும் நன்று, பாதையின் மின்சாரத்தையே நிறுத்துவது.

ஆறு. சரியான அளவு எது என்பதை நம் கூடத்தில் நின்று தீர்மானிக்க வேண்டா. சுவருக்கு அப்பால் போய் நின்று கேளுங்கள். அதற்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும், தட்டுங்கள்.

பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்கிறோம். புனே நகரின் கோத்ரூட் பகுதியில் பாவு ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் முயற்சியால் உருவாக்கிய சிற்றுரு இரயில் காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. சென்னை பெரம்பூரில் பெட்டித் தொழிற்சாலையை அடுத்து 2002இல் அமைந்த இரயில் அருங்காட்சியகத்திலும் மாதிரி இரயில்களைக் காணலாம். ஊர் செல்லும்போது பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.

நம் பகுதிக்கு இரயில் வந்தது 1979இல், திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தபோதுதான். பூவாரில் இன்றும் நிலையம் இல்லை; நெய்யாற்றின்கரைக்கோ பாறசாலைக்கோதான் செல்ல வேண்டும். பொழிமுகத்தின் அலையோசையே இங்கு நமக்கு இரவுத் தாலாட்டு. பிழைக்க வந்த ஊரில் நம் வீட்டு ஓசை எவ்வளவு கேட்கலாம் என்ற கேள்வி நம்மில் பலருக்கும் உண்டு. முற்றும் ஊமையாய் இருக்க வேண்டியதில்லை. சுவரை இடிக்கவும் வேண்டியதில்லை. அந்தப் பையனின் நோட்டுப் புத்தகத்தில் கடைசி வரியாக அவன் எழுதியிருப்பது இது: “36. தாத்தாவுக்குக் கேட்கும். அக்காவுக்குக் கேட்காது.” அந்தக் கணக்கில் நாம் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.